உரப்பைக்குள் கவ்வாத்துக் கத்திகள்

என் மகளின் கல்யாணத்துக்கு மாமன் சீர் கொண்டுவர வேண்டியவன் என் மனைவியின் தம்பி. அவன் என்னை மச்சான் என்று கூப்பிட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் ராணுவத்தில் இருந்தவன், என்னைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் ‘ஆமிக்காரரு’ என்பான். நானும் அவனை ‘மேல் லயத்து ஆள்’ என்றுதான் சொல்வேன். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு தேயிலை மலையும், எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் ஒரு பீலியும்தான் இருக்கின்றன. என் மனைவியும் மகளும் அங்கே போவார்கள், வருவார்கள். நான் போவதில்லை. வழியில் எதிரெதிரே வந்துவிட்டால் அவன் தேயிலைக்குள் இறங்கிவிடுவான். இல்லாவிட்டால் நான் இறங்கிவிடுவேன்.

கல்யாணம் தை மாதம் என்று முடிவானதும் என் மனைவி வெற்றிலைத் தட்டோடு மேல் லயத்துக்குப் போனாள். போன மாதிரியே தட்டோடு திரும்பி வந்தாள். அந்த ஆள் முதலில் அப்பாவிடம் வாயைத் திறந்து பேசட்டும், சீரைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று அவள் தம்பி சொல்லிவிட்டானாம். அப்பா என்றால் என் மாமனார். எனக்குத் தாய்மாமனும் அவர்தான், என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். சண்டைக் காலத்தில், வடக்கே ஒரு சோதனைச் சாவடியில், ஒரு பஸ் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவரைக் கன்னத்தில் அறைந்தேன். அன்றைக்குத் தொடங்கிய பகை இது.

மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் ஆட்கள் பெண்ணை மணவறைக்கு அழைத்துவர மாட்டார்கள். ஒன்றுவிட்ட மாமன் யாரையாவது அந்த இடத்தில் நிறுத்தலாம். நிறுத்தினால் மாப்பிள்ளை வீட்டில் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லியாக வேண்டும். என் மகள் இதற்காக அழவில்லை. கோபப்பட்டாள்.

“ஒங்க ரெண்டு வீட்டுச் சண்டையில நான் பொறக்கவே இல்லாத மாதிரி பேசுறீங்க. போய்ப் பேசுங்கப்பா. நேர்ல வாய் வரலன்னா போன்ல பேசிப் பதிஞ்சு குடுங்க. நான் அனுப்புறேன்.”

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுந்து வாசிக்கச் சொல்வார்கள் என்றே பல நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றதற்கு வறுமையை மட்டும் காரணம் சொல்ல முடியாது, அந்தப் பயமும் ஒரு காரணம். போனுக்கு முகம் இல்லை என்பதால் சம்மதித்தேன். வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் போட்டிருக்கும் துண்டு நிலத்தில் உட்கார்ந்து பேசினேன். பாதி பேச்சாகவும் பாதி திட்டாகவும் வந்தது. மகள் அதைக் கேட்டுவிட்டு, திட்டுகளை எடுத்துவிட்டு எழுதியும் வையுங்கள், நாளைக்கு என் பிள்ளைகள் கேட்பார்கள் என்றாள். அதனால் எழுதுகிறேன். திட்டுகளில் சிலவற்றை எடுக்கவில்லை. யாரிடமும் மன்னிப்புக் கேட்க நான் அன்று பேசவில்லை. இன்று எழுதுவதும் அதற்காக இல்லை.

நான் ஏன் ஆமியில் சேர்ந்தேன் என்பதில் தொடங்குகிறேன். வலப்பனையில் ஒரு பேக்கரியில் வேலை செய்தேன். சிங்களம் என் வாயில் ஏறியது அந்த அடுப்படியில்தான். கூட வேலை செய்த ஒரு சிங்களப் பையன் ஆமிக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனான், நானும் கூடப் போனேன். அப்போது தோட்டத்தில் வாரத்தில் பாதி நாள்கூட வேலை கிடையாது. எனக்குக் கல்யாணமாகி மகளும் பிறந்திருந்தாள். நாட்டுக்காகச் சேர்ந்தேன் என்றால் அது பொய். இனத்தைக் காட்டிக்கொடுக்கச் சேர்ந்தேன் என்று லயத்தில் சொல்கிறார்களே, அதுவும் பொய். அரிசி வாங்கச் சேர்ந்தேன். மாமா அன்று ஒரு வார்த்தை தடுக்கவில்லை. என் முதல் வருடச் சம்பளத்தில்தான் மேல் லயத்து வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டோம். அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் என் மச்சான் என்னை ஆமிக்காரர் என்கிறான்.

முகாமில் எனக்கு வைத்த பெயர் ‘வத்தே கொல்லா’. தோட்டத்துப் பயல் என்று அர்த்தம். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். மற்றவர்களைத் தனியாகக் காவலுக்கு விடுவார்கள். எனக்கு மட்டும் எப்போதும் ஒரு துணை உண்டு. அது எனக்குத் துணை இல்லை, என்னைப் பார்த்துக்கொள்ள வைத்த கண். பக்கத்து முகாமில் என்னைப்போல இன்னொரு தமிழன் இருந்தான். என்ன சந்தேகமோ, ஒரு நாள் அவன் துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு அவனைக் குசினிக்கு அனுப்பிவிட்டார்கள். உடுப்பைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் படுக்கக்கூட ஆள் இல்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு ஷெல்லைவிடக் குசினி என்றால்தான் பயம்.

என் வேலை சாவடியில் நிற்பது. பையைத் திறங்க, எங்க போறீங்க, யாரப் பார்க்கப் போறீங்க, அட்டைய எடுங்க. காலையிலிருந்து பொழுது சாயும்வரை இதே நாலு வாக்கியம்தான். குளிரிலேயே வளர்ந்த உடம்பு, அந்த வெயிலில் கழுத்துத் தோல் உரிந்து தொங்கியது. செம்மண் புழுதி பல்லிடுக்கில் இருக்கும். வடக்கு ஆட்களுக்கு என் பேச்சைக் கேட்டதும் நான் எந்தப் பக்கத்துக்காரன் என்று தெரிந்துவிடும். டீச்சரைப்போல இருந்த ஓர் அம்மா பையைத் திறந்தபடியே கேட்டார்.

“தம்பி மலைநாடோ? உங்கட சனத்தையும்தானே அடிச்சுக் கலைச்சவங்கள். நீர் வந்து இதில நிக்கிறீர்.”

பையை மூடுங்க என்றேன். அன்று முழுதும் அந்த அம்மாவை வெறுத்தேன். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

மாமாவும் இன்னும் ஆறு பேரும் வந்த பஸ் ஒரு மத்தியானம் வந்தது. அவர்கள் வருவது எனக்குத் தெரியாது. அப்போது லயத்தில் போன் இல்லை, கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். முன்பு கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி வன்னியில் குடியேறிய சொந்தக்காரர் ஒருவர், பற்றைக்காடு வெட்ட ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தோட்டத்தில் வேலை இல்லாததால் இவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஏழு பேரும் கவ்வாத்துக்காரர்கள்.

வெளியூரில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடி மரமாகிவிடாமல் சில வருடத்துக்கு ஒரு தடவை முழங்காலளவுக்கு வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. அதற்கென்று நுனி வளைந்த நீளமான கத்தி உண்டு. ஒரு வெட்டில் கிளை சீவிவிட்ட மாதிரி விழ வேண்டும், பிளந்தால் செடி செத்துப்போகும். அதனால் கவ்வாத்துக்காரன் கத்தியைத் தானே பார்த்து வாங்கி, தானே கொய்யாக் கட்டையில் பிடி போட்டு, தானே தீட்டுவான். இன்னொருவனுக்குக் கொடுக்க மாட்டான். சரஸ்வதி பூசைக்குக் கத்திகளையெல்லாம் கழுவி, கோவிலில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவார்கள். வேலைக்கு என்று எங்கே கிளம்பினாலும் கத்தி கூடவே போகும். சண்டை நடக்கும் பக்கத்துக்குப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அந்த ஏழு பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. புதிதாகத் தீட்டி, ஓர் உரப்பைக்குள் சுற்றி, பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பஸ்ஸைச் சோதித்தவன் பையை இழுத்துத் தரையில் கொட்டினான். வெயிலில் ஏழு கத்தியும் மின்னின. அதற்குப் பிறகு யாரும் சாதாரணமாகப் பேசவில்லை. பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னார்கள். பையின் சொந்தக்காரர்கள் யார் என்று கேட்டதும் ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள், காலையில் தோட்டத்துப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டதும் தூக்குவது மாதிரி. சரளைக் கல்லில் முழங்காலில் உட்காரவைத்துத் தலையைக் குனியச் சொன்னார்கள். நான் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நின்றேன். சார்ஜன்ட் என்னைக் கூப்பிட்டு, உன் ஆட்களா பார் என்றார். எனக்கு அந்தக் குசினிதான் நினைவுக்கு வந்தது.

நான் பஸ்ஸைச் சுற்றி வந்தேன். மாமா தலையைத் தூக்கினார். தொப்பிக்குக் கீழே இருந்தது என் முகம் என்று தெரிந்ததும், சந்தையில் தெரிந்த கண்டக்டரைக் கண்டுவிட்ட மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம மாப்ளடா.”

மற்ற ஆறு பேருக்கும் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து என்னைப் பார்த்து வந்தார். வரும் வழியில் குனிந்து குவியலில் இருந்து ஒரு கத்தியை எடுத்தார். தன் கத்தியைத்தான் எடுத்திருப்பார், பார்க்காமலே எடுப்பார். கத்தியைத் தூக்கினால் கட்டை விரலால் ஒரு தடவை விளிம்பைத் தடவிப் பார்ப்பது அவர் பழக்கம். அங்கேயும் தடவினார்.

“இது கவ்வாத்துக் கத்தின்னு இவனுங்ககிட்ட சொல்லு மாப்ள.”

அவருக்குப் பின்னால் மணல் மூட்டை மேல் புதிதாக வந்த ஒருவன் நின்றான். அவன் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டான். எனக்கு அவன் விரல் தெரிந்தது. மாமாவுக்கு அவன் தெரியவில்லை. முழங்காலில் தலை குனிந்து இருந்த ஆறு பேருக்கும் தெரியவில்லை. பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தவர்களுக்கு மாமாவையும் என்னையும்தான் தெரிந்திருக்கும். சுடாதே, இது என் மாமா என்று சொல்லலாம். சொல்லி முடிக்க நேரம் இல்லை. நான் பாய்ந்து போய் என் பலம் முழுவதையும் போட்டு அறைந்தேன். கத்தி விழுந்தது. அதன் மேல் பூட்ஸ் காலை வைத்தேன். சிங்களத்தில் கத்தினேன். தோட்டத்துக் கழுதை, பெரட்டுக் களம் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான், செடி வெட்டுகிற கத்தியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நடுவில் வந்திருக்கிற மடையன் என்றேன். மாமாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். சார்ஜன்ட் சிரித்தார். அவர் சிரித்ததும் மணல் மூட்டையில் நின்றவன் துப்பாக்கியை இறக்கினான். அறைந்த சத்தம் எனக்கு மறந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. காலை எடுத்தால் யாராவது கத்தியைத் தொடுவார்கள், மறுபடி தொடங்கிவிடும் என்ற பயம். பொழுது சாயும்வரை அவர்களை வெயிலில் வைத்திருந்தார்கள். தண்ணீர் கொடுத்தது வேறொருவன். மாமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கன்னம் வீங்கி, கண்ணைக் கீழேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவமானத்தில் தலை தொங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் கத்திகளை வைத்துக்கொண்டு ஆட்களைத் தெற்கே போகும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

லீவில் வீட்டுக்குப் போனபோது லயத்தில் யாரும் முகம் கொடுக்கவில்லை. மாமாவோடு வந்த ஆறு பேரும் அவரவர் வீட்டில் கதையை வளர்த்திருந்தார்கள். ஒரு வீட்டில் அறை, இன்னொரு வீட்டில் அது துப்பாக்கிக் கட்டையால் அடி. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். மச்சான் முன்னாலேயே வாளியோடு நின்றான்.

“எங்கப்பாவ அடிச்ச கைய இந்தத் தண்ணியில வைக்காதீங்க.”

நான் வாளியை வைத்துப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். யாராவது கேட்டால் சொல்வோம் என்று இருந்தேன். என்ன நடந்தது என்று ஓர் ஆள் கேட்கவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. சமைத்தாள், போட்டாள், தட்டை எடுத்தாள். கேட்காதவர்களுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? சண்டை முடிந்தது, ஆமியை விட்டு வந்தேன், ராகலையில் மரக்கறி சேர்க்கும் ஸ்டோரில் வாச்சராகச் சேர்ந்தேன். அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை.

போனில் கடைசியாக நான் பேசியது இது: “ஒங்க உசுருக்காகத்தான் அடிச்சேன் மாமா. நாளைக்கு அதே மாதிரி வந்து நின்னீங்கன்னா நாளைக்கும் அடிப்பேன்.”

மகள் அதைக் கேட்டு உதட்டைக் கடித்தாள். ஆனால் வெட்டாமல் அப்படியே அனுப்பினாள்.

மறுநாள் மச்சானின் போனிலிருந்து பதில் வந்தது. முதலில் கோழி கொக்கரித்தது, பிறகு இருமல். பிறகு இருபது வருடமாக நான் கேட்காத குரல்.

“மாப்ள. பின்னால ஒருத்தன் நிக்கிறான்னு ஒன் மொகத்தப் பாத்தப்பவே எனக்கு வெளங்கிருச்சு. தாய்மாமன எவனும் சும்மா அடிக்க மாட்டான். அத நான் அன்னைக்கே விட்டுட்டேன். கத்திய ஏன்யா மிதிச்ச? சந்தனம் வச்சுக் கும்புட்ட கத்தி. அது மேல கால வச்சுக்கிட்டு பொழுதன்னைக்கும் நின்ன. நான் ஒன் காலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், இப்ப எடுப்பான், இப்ப தொட்டுக் கும்புடுவான்னு. எடுத்தியா?”

அதற்குப் பிறகு மச்சானின் குரல்: “கேட்டுச்சா ஆமிக்காரரே?” அதோடு முடிந்தது.

என் மனைவி அடுப்புப் பக்கமிருந்து என்னைப் பார்த்தாள். “இது ஒங்களுக்குத் தெரியாதா?” என்றாள். அவளுக்குத் தெரியும். மகளுக்குக்கூடத் தெரியும். நான் தெரிந்துகொண்டேதான் வீம்பு பிடிக்கிறேன் என்று வீடே நினைத்திருக்கிறது. நான் ஒரு சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன், அவர்கள் வேறொரு சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உசுரு பெருசா கத்தி பெருசா என்று மகளிடம் கத்தினேன். ஆமியில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள், காலில் பூட்ஸ்தானே இருந்தது, வெறுங்காலா என்றேன். தாத்தாவிடம் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அடுத்த நாள் ஸ்டோரில் தராசுத் தட்டில் என் செருப்புக் கால் பட்டது. நான் நினைப்பதற்கு முன்னால் கை தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. லொறிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. எனக்கு என் கை மேலேயே கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேல் லயத்துக்குப் போனேன். வீட்டு முன் இஸ்தோப்பில், திண்ணையில், பிளாஸ்டிக் கதிரை போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். மச்சான் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. மாமா மகனுக்குக் கையைக் காட்டினார். அவன் கூரை இடுக்கில் செருகியிருந்த ஓர் உரப்பையை எடுத்துப் பிரித்து, ஒரு கவ்வாத்துக் கத்தியைச் சிமெந்துத் தரையில் வைத்தான். அதற்குப் பிறகு வாங்கி, வேலையை விடும்வரை மாமா வெட்டிய கத்தி.

“இது அந்தக் கத்தி இல்ல” என்றேன்.

“அது என்னாச்சு?” என்றார் மாமா.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவருக்கு வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். “குசினியில வெறகு பொளந்தாங்க. பிடி ஒடஞ்சதும் தூக்கிப் போட்டுட்டாங்க.”

மாமாவின் வாய் வெறுமனே மென்றது. தன் கட்டை விரலைப் பார்த்தார். மச்சான் ஏதோ சொல்ல வந்தான், அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். நான் செருப்பைக் கழற்றினேன். குனிந்து, கத்தியைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

“ரொம்பப் பெரிய மனசு” என்றான் மச்சான்.

நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் பேச வராத நான் அன்று பேசினேன். “நான் அடிக்காம இருந்திருந்தா நீங்க இன்னைக்கு இந்த இஸ்தோப்புல ஒக்காந்திருக்க மாட்டீங்க மாமா.”

“தெரியும். அதுக்குத்தான் இத்தன வருஷமும் என் மகளத் திருப்பிக் கூட்டிக்காம ஒன் வீட்டுல விட்டு வச்சிருந்தேன்.” கதிரையை விட்டு மெதுவாக எழுந்தார். “இப்ப தொட்டியே, அதுக்குப் பேத்திக்குச் சீர் வரும். நீ மணவறைக்கு அந்தப் பக்கம் நில்லு. நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்.”

உள்ளே போய்விட்டார். மச்சான் கத்தியை உரப்பையில் சுற்றிக் கூரை இடுக்கில் செருகினான். எங்கள் ஆட்கள் எதிரி வந்தால்கூட ஒரு வெறுந்தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. நானும் நிற்கவில்லை.

கீழே இறங்கி வந்தேன். மறுபடியும் வெற்றிலைத் தட்டைக் கொண்டுபோ என்று மனைவியிடம் சொன்னேன். அவள் முன்னாலேயே அதைக் கழுவித் துடைத்து வாசலில் வைத்திருந்தாள்.